கறுப்புப் பட்டை டிஸ்க்கின் கோளாறு இல்லை

'தி பப்ளிக் எனிமி' என்ற ஹாலிவுட் படத்தின் டிவிடியில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருகிறது, திரை நிறைய வைத்தால் நாயகன் ஜேம்ஸ் காக்னி குண்டாகத் தெரிகிறார், டிஸ்க்கை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்ற வேண்டாம். 1931-இல் வந்த படம், அகலத்திரைக்கு இருபது வருடம் முந்தையது. சட்டகமே கிட்டத்தட்ட 4:3 தான், அதாவது அகலம் நாலு பங்கு, உயரம் மூன்று பங்கு. இன்றைய அகலமான 16:9 டிவியில் பக்கவாட்டில் இடம் மிஞ்சத்தான் செய்யும்.

பிளேயர் மெனுவில் டிவி வகையை 16:9 என்று வையுங்கள். அப்புறம் டிவி ரிமோட்டில் பட அளவை 4:3 ஆக்கினால் காக்னி இளைத்துவிடுவார். 'ஜூம்' பக்கம் மட்டும் போகாதீர்கள், மேலும் கீழும் வெட்டிவிடும். நடிகை மே கிளார்க் முகத்தில் காக்னி பாதி கிரேப்ஃப்ரூட் பழத்தைத் தேய்க்கும் அந்தக் காட்சியைத் தலை போன நிலையில் பார்ப்பது பாவம்!

தையல்காரர் அளவெடுக்கும் காட்சி முன்பு பார்த்த பிரதியில் இல்லையே என்றும் கேட்டிருந்தீர்கள். அதுவும் கோளாறில்லை. ஹாலிவுட்டின் தணிக்கை விதி 1934-இலிருந்து கறாரானது; பிறகு மறுவெளியீட்டுக்காகச் சில காட்சிகளை வெட்டினார்கள். அந்த வெட்டுப்பட்ட பிரதிதான் பல காலம் சுற்றியது. படத்தைத் தயாரித்த வார்னர் நிறுவனத்தின் 2005 டிவிடியில் அவற்றைத் திரும்பச் சேர்த்தார்கள். உங்களிடம் இருப்பது முழுப்படம்.

ஒலியில் லேசான இரைச்சல் இருந்தால், அது பேசும்பட ஆரம்பகால ஒலிப்பதிவின் இயல்பு. 2013-இல், டிவிடியைவிடப் படம் தெளிவாகத் தெரியும் ப்ளூ-ரே டிஸ்க்கும் வந்தது. டிவி பெரிதென்றால் அதை வாங்கலாம், சின்னதுக்கு இந்த டிவிடியே போதும்.