சிவப்பு அங்கியும் சுங்குடி லைனிங்கும்

அக்கா வணக்கம்,

லண்டன்ல ஞாயித்துக்கிழமை ஒரு ஹால்ல கூடி, தன்பாலீர்ப்பாளர்கள், திருநர்களோட பழைய வாழ்க்கையையும் அந்த ஊர் ஆறுகளையும் வச்சு டிரெஸ் தைக்கிறோம்னு எழுதியிருந்தீங்க. ஆத்துக்கும் அவங்களுக்கும் என்ன சம்பந்தம்? வரலாறுன்னா புஸ்தகம் போடலாமே, வேஷம் போட்டா வரலாறாயிடுமா? அதுவும் வெள்ளைக்காரங்க கதை, நமக்கெதுக்கு? தப்பா கேட்டிருந்தா மன்னிச்சிருங்க.

கும்பகோணத்துலருந்து ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

இதுல தப்பு ஒண்ணுமில்ல, நான்தான் போன தடவ அவசரத்துல பாதிய விட்டுட்டேன்.

ஃப்ளீட்னு ஒரு ஆறு, ஹாம்ஸ்டெட் பக்கம் பொறந்து தேம்ஸ்ல விழுது. 300 வருஷம் முன்னாடியே ஹோல்பர்ன் பக்கத்துல அது சாக்கடை, கசாப்புக் கழிவெல்லாம் அதுலதான், வசதியானவங்க யாரும் குடியிருக்க மாட்டாங்க. அந்தக் கரையோரம் ஃபீல்ட் லேன்ல மார்கரெட் க்ளாப்னு ஒரு அம்மா வீடு வச்சிருந்தாங்க, ஞாயித்துக்கிழம ராத்திரி ஆனா ஆம்பளைங்க நாப்பது அம்பது பேர் கூடி ஆடுவாங்க பாடுவாங்க காதலிப்பாங்க. 1726 பிப்ரவரில ரெய்டு. ஆம்பளையோட ஆம்பள சேர்ந்த குத்தத்துக்கு மே மாசம் மூணு பேர, தூக்குமேடை இருந்த டைபர்ன்ல தூக்குல போட்டாங்க. டைபர்ன்ங்கிறதும் ஒரு ஓடையோட பேருதான். ஃப்ளீட்ட அப்புறம் மூடி மேல ரோடு போட்டுட்டாங்க, ஆனா க்ளார்க்கன்வெல்ல ரே ஸ்ட்ரீட்ல ஒரு இரும்புக் கம்பி மூடி இருக்கு, குனிஞ்சு காத வச்சா தண்ணி ஓடுற சத்தம் இன்னிக்கும் கேக்கும். நான் கேட்டேன்.

புஸ்தகம் போடலாமேன்னு கேட்டீங்க. அந்த வீட்டப் பத்தி நமக்குத் தெரிஞ்சதுல பெரும்பாலும் வேவு பாக்க உள்ள போனவன் கோர்ட்ல சொன்னதுதான் தம்பி, அங்க ஆடினவங்க தன் கைப்பட எழுதினது நம்ம கைக்கு வரல. அதனாலதான் எங்களுக்கு துணி முக்கியம். 1732ல இன்னொரு கேஸ், ஜான் கூப்பர்னு ஒருத்தர் தன் துணிய ஒருத்தன் பறிச்சுட்டான்னு கோர்ட்டுக்கே போனாரு, கேஸ் நிக்கல. ஆனா சாட்சி சொல்ல வந்த அக்கம்பக்கத்துப் பொம்பள ஒருத்தங்க கூப்பரப் பத்தி, எனக்கு அவள பிரின்சஸ் செராஃபினான்னுதான் தெரியும், வேற பேரே தெரியாதுன்னு சொன்னாங்க. வெள்ள கவுனு, சிவப்பு அங்கி, நெத்திய சுத்தி சுருட்டி விட்ட முடி, விசிறிய படபடன்னு ஆட்டுவா, அழகா வணக்கம் வைப்பான்னு சொல்றாங்க. 'அவள்'னே சொல்றாங்க பாருங்க, 1732ல! அந்த வருஷந்தான் தேம்ஸுக்குத் தென்கரைல வாக்ஸ்ஹால் தோட்டத்துல பெரிய விருந்து நடந்துச்சு, அதுக்கும் செராஃபினா போனதா பேச்சு வருது. பக்கத்துல பாலம் இல்லாத காலம், சனங்க படகுலதான் போவாங்க. அப்போ அந்த அங்கியோட ஓரம் தண்ணில நனஞ்சிருக்கும்ல?

அந்த அங்கியத்தான் தைக்கிறோம். வெளிப்பக்கம் சிவப்பு கம்பளி, உள்ள லைனிங் எங்கம்மாவோட பழைய நீல சுங்குடிச் சேல. எங்க டேபிள்ல 80 வயசுக்காரர் ஒருத்தர் இருக்காரு, அவர் காதலிச்ச விதம் 1967 வரைக்கும் இங்க சட்டப்படி குத்தம். இந்தப் புள்ளி ஒவ்வொண்ணும் கையால முடிஞ்சு சாயம் போட்டதுன்னு சொன்னேன். ஊசிய வச்சுட்டு ஒரு ஒரு புள்ளியா விரலால தடவிப் பாத்துட்டே இருந்தாரு. அப்புறம் எதுவும் பேசாம ஓரம் முழுக்க அவரே ஹெம்மிங் பண்ணாரு, மூணு வாரம் ஆச்சு, நாங்க யாரும் கேக்கல.

வேஷம்னு சொன்னீங்க. எனக்கு செய்யாறு பக்கம், எங்க ஊர் கூத்துல வேஷம் கட்டுறவர் ராத்திரி பூரா திரௌபதியா நிப்பாரு, சனம் அவர கையெடுத்துக் கும்பிடும், அழும். வேஷம்னா எனக்கு அதுதான் தம்பி, அது லேசான வார்த்த இல்ல.

நமக்கெதுக்குன்னா, அந்த மூணு பேர தூக்குல போட்டது 1533ல போட்ட சட்டம், அதோட வாரிசுதான் வெள்ளைக்காரன் நம்ம ஊருக்கு எழுதின 377, தன்பாலீர்ப்பாளர்கள் சேர்றத குத்தமாக்கின சட்டப்பிரிவு. 2018 செப்டம்பர்லதான் சுப்ரீம் கோர்ட் அதோட பல்லப் புடுங்குச்சு. உங்க வயசுப் பசங்க எத்தனை பேர் அது வரைக்கும் பயந்துட்டே இருந்திருப்பாங்க.

அங்கி முடிஞ்சதும் ரே ஸ்ட்ரீட் மூடிகிட்ட எடுத்துட்டுப் போறோம். யார் போடுறதுன்னு பேச்சு வந்தப்ப எல்லாரும் அந்தப் பெரியவரப் பாத்தோம், அவர் எனக்கு நீளம் ஜாஸ்தின்னுட்டாரு. ரெண்டு இஞ்ச் மடிச்சுத் தைக்கணும், இந்த ஞாயித்துக்கிழம அந்த வேலதான்.

அன்புடன்,
அக்கா