பழைய யாஷிகாவை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன்

கேள்வி: மாமா தன் யாஷிகா எலக்ட்ரோ 35 ஜிஎஸ்என் கேமராவை என்னிடம் தந்துவிட்டார். பல வருடங்களாகத் தோல் உறைக்குள்ளேயே கிடந்ததாம். அதன் பேட்டரி இப்போது வருவதில்லை என்கிறார் கடைக்காரர். ரிப்பேருக்கு ஒருவர் ஐயாயிரம் ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா, ஷோகேஸில் வைத்துவிடலாமா?

பதில்: ஷோகேஸ் வேண்டாம், பாவம். ஐயாயிரத்தையும் இப்போதைக்குக் கையில் வைத்திருங்கள். கேமராவின் நிலைமையை வீட்டிலேயே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

எடுத்த எடுப்பில் பின் கதவைத் திறக்காதீர்கள். ரீவைண்ட் கைப்பிடியை அம்புக்குறிப் பக்கம் மெல்லச் சுற்றுங்கள். லேசாகச் சுற்றினால் உள்ளே ஒன்றுமில்லை. இறுக்கிப் பிடித்தால் மாமாவின் ஃபிலிம் உள்ளேயே இருக்கிறது. அடியில் உள்ள பொத்தானை அழுத்தி, முழுக்கச் சுற்றி எடுத்து, ஃபிலிம் கழுவும் லேபில் கொடுங்கள். கலர் வெளிறியிருக்கும். ஊட்டியில் தயாரான ‘இந்து’ மாதிரி கறுப்பு வெள்ளைச் சுருள் என்றால் முகங்களாவது தெரிய வாய்ப்புண்டு.

கடைக்காரர் சொன்னது சரிதான். இது கேட்பது 5.6 வோல்ட் பாதரச பேட்டரி. பாதரசம் நஞ்சு என்பதால் அந்த ரகமே நின்றுபோனது. 6 வோல்ட் 4எல்ஆர்44 போட்டால் போதும், அந்தச் சின்ன வித்தியாசம் படத்தில் தெரியாது. அளவில் அது சிறியது. சுற்றிலும் காகிதம் உருட்டி, மிச்ச நீளத்துக்கு ஒரு ஸ்பிரிங் வையுங்கள். இதற்கென்றே அடாப்டரும் விற்கிறார்கள். பேட்டரி அறையில் பச்சையாகப் பூத்திருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள்.

பேட்டரி இல்லாமலும் இந்தக் கேமரா ‘க்ளிக்’ என்று அடிக்கும், அதை நம்பிவிடாதீர்கள். அப்போது அதற்குத் தெரிந்தது 1/500 நொடி என்ற ஒரே வேகம். பேட்டரி போட்டபின், முன்பக்கம் வ்யூஃபைண்டரை ஒட்டியிருக்கும் ஒளி உணரும் சிறு கண்ணாடியை விரலால் மூடி ஷட்டரை அழுத்துங்கள். மஞ்சள் விளக்கு எரிந்து, ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்க வேண்டும். வெளிச்சத்தைப் பார்த்து அழுத்தினால் சட்டென்று மூட வேண்டும்.

காதும் தேவை. ஃபிலிம் லீவரைத் தள்ளும்போது முடிவில் ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும். அது வராவிட்டால், உள்ளே இருக்கும் ஒரு சின்ன ரப்பர் துண்டு நைந்துவிட்டது என்று அர்த்தம். எலக்ட்ரோவின் பரம்பரை வியாதி இது. வெளிச்சக் கணக்கே குழம்பிவிடும். ரிப்பேர்காரரிடம் போவது இதற்காக என்றால் நியாயம். அப்போதும் அந்த ரப்பரை மாற்றித் தருவாரா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். வெறுமனே ‘சர்வீஸ்’ என்றால் திரும்பி வந்துவிடுங்கள். எண்ணெய் விடுகிறேன் என்றால் இன்னும் வேகமாக.

பின் கதவின் பள்ளத்தில் உள்ள ஸ்பாஞ்ச் இந்நேரம் தார் மாதிரி ஒட்டும். பல் குத்தும் குச்சியும் ஸ்பிரிட்டும் கொண்டு சுரண்டி எடுத்துவிட்டு, கறுப்புக் கம்பளி நூலைப் பதித்தால் வெளிச்சம் கசியாது. அப்புறம் லென்ஸ். அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும் ‘பி’ நிலையில் வைத்து, பொத்தானை அழுத்திப் பிடித்து, பின்னாலிருந்து மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். ஓரத்தில் நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. கொஞ்சம்போல இருந்தால் படத்தைக் கெடுக்காது, ஆனால் வளரும். அந்தத் தோல் உறை ஈரத்தைப் பிடித்துவைக்கும், அதிலிருந்து வெளியே எடுங்கள். சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப் புகாத டப்பாவில் வைக்கலாம். அரிசிக்குள் புதைக்கும் வைத்தியம் வேண்டாம், மாவுத் தூசி உள்ளே போகும்.

எல்லாம் சரியென்றால் 200 ஐஎஸ்ஓ கலர் ஃபிலிம் ஒன்று வாங்கி, கேமராவின் ஏஎஸ்ஏ (ஐஎஸ்ஓவின் பழைய பெயர்) வளையத்தையும் 200-இல் வையுங்கள். ஷட்டரைப் பாதி அழுத்தும்போது சிவப்பு எரிந்தால் வெளிச்சம் அதிகம், லென்ஸின் துளையைக் கூட்டிக் குறைக்கும் அப்பர்ச்சர் வளையத்தை, வ்யூஃபைண்டரில் தெரியும் அம்பு காட்டும் பக்கம் திருப்புங்கள். மஞ்சள் என்றால் ஷட்டர் மெதுவாக மூடும், கை நடுக்கம் படத்தில் தெரியும்; எதன் மீதாவது ஊன்றிப் பிடியுங்கள். முதல் சுருளோடு யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் போய்விடாதீர்கள்.

லேபில் ஸ்கேனோடு நெகடிவையும் கேட்டு வாங்குங்கள். படத்துக்கு வெளியே, துளைகள் இருக்கும் ஓரம் வரை கறை பரவியிருந்தால் பின் கதவில் பதித்த கம்பளி நூல் சரியாக உட்காரவில்லை. நிழலில் எடுத்தவை எல்லாம் வெளிறிக் கண்ணாடிபோல் இருந்தால் ஷட்டர் 1/500-லேயே நிற்கிறது. அந்த நெகடிவையே ரிப்பேர்காரரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.