உபுண்டுவை எடுத்தால் டேலி கணக்கு போய்விடுமா?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். மகள் கல்லூரியில் படித்தபோது வீட்டு லேப்டாப்பில் விண்டோஸ் 11-உடன் உபுண்டு என்ற இன்னொரு இயங்குதளத்தையும் போட்டாள். இப்போது வேலைக்குப் பெங்களூரு போய்விட்டாள். பட்டறைக் கணக்கை அதே லேப்டாப்பில் டேலியில் எழுதுகிறேன். ஆன் செய்தால் எதற்குள் போக வேண்டும் என்று கேட்கிறது. கவனிக்காவிட்டால் தானாகவே உபுண்டுவுக்குள் போய்விடுகிறது. கடையில் கேட்டால், மொத்தமாக அழித்து விண்டோஸ் புதிதாகப் போட வேண்டும், 1,500 ரூபாய் ஆகும் என்கிறார்கள். கணக்கு போகாமல் உபுண்டுவை மட்டும் எடுக்க முடியுமா?

பதில்: முடியும். எதையும் மொத்தமாக அழிக்க வேண்டாம். உபுண்டு உங்கள் டிஸ்கில் தனிப் பகுதியில் இருக்கிறது, டேலி கணக்கு விண்டோஸ் பகுதியில் இருக்கிறது. ஒன்றை எடுத்தால் இன்னொன்று போகாது. நான் சொல்லும் வேலைகளின் வரிசை மட்டும் மாறக் கூடாது.

அந்தக் கடைப் பேச்சைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். "ஃபுல் ஃபார்மட் போட்டால்தான் போகும்" என்பது அவர்களுக்குச் சுலபமான வழி, உங்களுக்கு நஷ்டம். அம்மாபேட்டையில் தறி வைத்திருக்கும் ஒருவர் இப்படித்தான் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு வந்தார். திரும்பி வந்தபோது நான்கு வருடக் கணக்கு இல்லை. போட்டுக் கொடுத்த விண்டோஸும் கிராக் செய்தது. விண்டோஸோடு வாங்கிய லேப்டாப்பில் அதன் உரிமம் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதற்கு யாரும் தனியாகப் பணம் கேட்கக் கூடாது. "பார்ட்டிஷன் சாஃப்ட்வேர்" என்று யூடியூபுக்குக் கீழே கிடைக்கும் இலவச கிராக்குகளையும் தொடாதீர்கள். விண்டோஸில் இருப்பதே போதும்.

இன்றைக்கே டேலி டேட்டா ஃபோல்டரை வெளி ஹார்டு டிஸ்கில் நகல் எடுங்கள். உபுண்டுவுக்குள் மகளின் புராஜெக்ட் ஃபைல்கள் இருக்கலாம். அவரிடம் கேட்டு அவற்றையும் எடுத்து வையுங்கள். அழித்த பிறகு அவை திரும்பி வராது. அப்புறம் பிட்லாக்கர், அதாவது டிஸ்கில் இருப்பதைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. அது ஆனில் இருந்தால், பூட் வரிசையை (ஆன் செய்ததும் எது முதலில் கிளம்ப வேண்டும் என்பதை) மாற்றியதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். லேப்டாப்பை மகளின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் தொடங்கியிருந்தால் சாவியும் அந்தக் கணக்கில்தான் இருக்கும். போனில் கேட்டு, தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால் 'பயாஸ் மோட்' என்று ஒரு வரி இருக்கும். எதிரே யூஇஎஃப்ஐ என்று இருந்தால் மேலே போகலாம். லெகசி என்று இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள், அதற்கு வேறு வழி.

பலர் தடுக்கி விழுவது அடுத்ததில்தான். ஆன் செய்ததும் உங்களிடம் கேள்வி கேட்பது கிரப் என்ற சிறு நிரல். அதற்கு வேண்டிய ஃபைல்கள் உபுண்டு பகுதியில் இருக்கின்றன. பகுதியை முதலில் அழித்துவிட்டால், கிரப் கருப்புத் திரையில் தன் பெயரை மட்டும் காட்டிக்கொண்டு நிற்கும். கணக்கு அப்போதும் பத்திரமாகத்தான் இருக்கும், ஆனால் அந்தப் பயத்தில்தான் கடைக்கு ஓடுகிறார்கள். அதனால் பூட் வரிசையை முதலில் மாற்றுங்கள். லேப்டாப்பை ஆன் செய்யும்போதே எஃப்2, எஃப்10, டெலீட் என்று ஏதோ ஒரு விசை. கம்பெனிக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். இத்தனை வருடமாகியும் இதை ஒரே விசையாக்க இவர்களுக்கு மனம் வரவில்லை! உள்ளே போய் விண்டோஸ் பூட் மேனேஜரை உபுண்டுவுக்கு மேலே வைத்து சேவ் செய்யுங்கள். இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். கேள்வி கேட்காமல் நேராக விண்டோஸ் வந்தால்தான் அடுத்த வேலை.

சார்ஜரைச் செருகிக்கொண்டு, ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். சி என்ற எழுத்துள்ளது விண்டோஸ். எழுத்தும் இல்லாமல், என்டிஎஃப்எஸ் என்ற பெயரும் இல்லாமல் பெரிதாக இருப்பது உபுண்டு. மகள் 120 ஜிபி ஒதுக்கினேன் என்றால் இங்கே 111.76 என்று தெரியலாம். ஆயிரத்தால் கணக்கிடுவதற்கும் 1,024-ஆல் கணக்கிடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான், பயப்பட வேண்டாம். அதன்மேல் வலது கிளிக், டெலீட் வால்யூம். இஎஃப்ஐ, ரிகவரி என்று பெயருள்ள சிறு பகுதிகளில் கை வைக்கவே வேண்டாம். சந்தேகம் வந்தால் படம் எடுத்து மகளுக்கு அனுப்பிக் கேட்டுவிட்டு அழியுங்கள்.

காலியான இடத்தை சி-யோடு சேர்க்கப் பார்த்தால் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கிக் கிடக்கலாம். இதற்காகவே வாரத்தில் இரண்டு போனாவது எனக்கு வருகிறது. காலி இடம் சி-க்கு வலப்பக்கம் ஒட்டி இருந்தால் மட்டுமே விண்டோஸ் சேர்த்துக்கொள்ளும். நடுவில் ரிகவரி பகுதி உட்கார்ந்திருந்தால் சேர்க்காது. அந்த ரிகவரியை அழித்துவிடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். நாளை விண்டோஸ் கிளம்பாமல் நின்றால் அதுதான் கை கொடுக்கும். டைனமிக் டிஸ்காக மாற்றவா என்று கேட்டாலும் நோ கொடுங்கள். சி-யோடு சேர்த்தே ஆக வேண்டும் என்று என்ன கட்டாயம்? காலி இடத்தில் வலது கிளிக் செய்து 'நியூ சிம்பிள் வால்யூம்' கொடுங்கள். புது எழுத்தோடு தனி டிரைவ் வந்துவிடும். பட்டறை போட்டோ, பில் எல்லாம் அதில் வையுங்கள். டேலி நகலை மட்டும் அதில் வைத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும்.

பூட் பட்டியலில் உபுண்டு என்ற பெயர் மட்டும் மிச்சம் இருக்கும். அது சில எம்பிதான்; விட்டுவிடுங்கள்.