மெயில்பாக்ஸில் நான் சேர்க்காத பெயர்கள்

கேள்வி: எங்கள் ஆபீஸின் மெயிலை நடத்தும் எக்ஸ்சேஞ்ச் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இப்போது என்னிடம். புதிதாக ஒரு மெயில்பாக்ஸ் உருவாக்கி, யாருக்கெல்லாம் அதில் அனுமதி என்று காட்டும் கெட்-மெயில்பாக்ஸ்பெர்மிஷன் கட்டளையை ஓட்டினால் நீளமாக ஒரு பட்டியல் வருகிறது. நான் யாருக்கும் அனுமதி கொடுக்கவே இல்லை. டொமைன் அட்மின்ஸ் என்ற நிர்வாகிகள் குழுவுக்கு ஃபுல் ஆக்சஸ், அதாவது முழு அனுமதி, என்று வேறு காட்டுகிறது. எல்லாவற்றையும் நீக்கிவிடலாமா?

பதில்: தயவுசெய்து கை வைக்காதீர்கள். அதே வரியில் ‘டினை’ (மறுப்பு) என்ற இடத்தைப் பாருங்கள், ட்ரூ என்று இருக்கும். அதாவது அட்மின்கள் பெட்டியை நிர்வகிக்கலாம், திறந்து படிக்கக் கூடாது என்று எக்ஸ்சேஞ்சே போட்டுவைத்த தடை அது. என்டர்பிரைஸ் அட்மின்ஸ், ஆர்கனைசேஷன் மேனேஜ்மென்ட் என்ற நிர்வாகிகள் குழுக்கள் இரண்டுக்கும் இதே கதைதான். எக்ஸ்சேஞ்ச் சர்வர்ஸ், எக்ஸ்சேஞ்ச் டிரஸ்டட் சப்சிஸ்டம் என்பவை மனிதர்கள் இல்லை, சர்வர் தன் வேலையைச் செய்ய வைத்திருக்கும் குழுக்கள். இதெல்லாம் மேலிருந்து வழிவழியாக இறங்கி வருவதால் ‘இஸ்இன்ஹெரிட்டட்’ பத்தியில் ட்ரூ என்று இருக்கும்.

புதுப் பெட்டியில் நேரடியாக எழுதப்பட்டிருப்பது என்டி அத்தாரிட்டி\செல்ஃப் என்ற ஒன்றுதான். அது பெட்டிக்குச் சொந்தக்காரர். அதை நீக்கினால் முதலில் திண்டாடப்போவது அவர்.

ஆனால் அந்தத் தடையை நம்பி நிம்மதியாக உட்கார்ந்துவிடவும் முடியாது. நேரடியாகக் கொடுத்த அனுமதி, வழிவழியாக வந்த தடையை மீறி நிற்கும், அதனால் ஒரு அட்மின் நினைத்தால் தன் பெயரைத் தானே சேர்த்துக்கொண்டு யாருடைய மெயிலையும் படிக்கலாம். அப்படிச் செய்தால் பட்டியலில் ஒரு புது வரி வரும், இஸ்இன்ஹெரிட்டட் ஃபால்ஸ் என்று. நீங்கள் தேட வேண்டியது அந்த வரியைத்தான். எல்லாப் பெட்டிகளையும் எடுத்து, ஃபால்ஸ் உள்ளவற்றை மட்டும் வடிகட்டி, செல்ஃபையும் கழித்துவிடுங்கள். மிச்சம் வருகிற ஒவ்வொரு பெயரும் ஏதோ ஒரு சமயம் யாரோ கொடுத்தது. லீவில் போனவருக்காக நாலு நாளைக்கு என்று கொடுத்து, திரும்ப எடுக்க மறந்துபோனவைதான் பெரும்பாலும் அகப்படும். எதற்காகக் கொடுத்தது என்று சம்பந்தப்பட்டவரிடம் கேட்டு, தேவையில்லை என்றால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. ஃபுல் ஆக்சஸ் இருந்தால் அந்தப் பெயரில் மெயில் அனுப்பவும் முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. ஒருவர் பெயரிலேயே அனுப்ப விடும் செண்ட் ஆஸ் தனி அனுமதி, உங்கள் சொந்த சர்வரில் அதை கெட்-ஏடிபெர்மிஷன் கட்டளை காட்டும். அவர் சார்பில் என்று காட்டி அனுப்ப விடும் செண்ட் ஆன் பிஹாஃப் மெயில்பாக்ஸின் ஒரு பண்பாக வேறு இடத்தில் இருக்கும். ஒரு இடத்தைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று முடிவுகட்டக் கூடாது.

கேள்வி: நான் காலெண்டரை யாருக்கும் ஷேர் செய்யவில்லை. ஆனாலும் நான் எப்போது பிஸி என்று கூட வேலை செய்பவர்களுக்குத் தெரிகிறது. அப்படியானால் என் மெயிலையும் பார்க்கிறார்களா?

பதில்: இல்லை, பயப்பட வேண்டாம். ஒவ்வொரு ஃபோல்டருக்கும் டிஃபால்ட், அனானிமஸ் என்று இரண்டு பெயர்கள் உண்டு. அனானிமஸ் என்றால் லாகின் செய்யாத வெளியாட்கள். டிஃபால்ட் என்றால் தனியாகப் பெயர் சேர்க்கப்படாத ஆபீஸ்காரர்கள் அத்தனை பேரும். இன்பாக்ஸில் அதற்கு ‘நன்’, அதாவது ஒன்றும் கிடையாது. காலெண்டரில் மட்டும் ‘அவெய்லபிலிட்டி ஒன்லி’. மூன்று மணிக்கு நீங்கள் பிஸி என்பது தெரியும், யாரோடு, எங்கே, எதற்கு என்பது தெரியாது. மீட்டிங்குக்கு நேரம் குறிக்க இவ்வளவு போதும், இது நல்ல ஏற்பாடு என்பதே என் கருத்து.

சிக்கல் வருவது, ஒரே ஒரு சக ஊழியருக்குக் காட்ட நினைத்து டிஃபால்ட் வரியையே ‘ரிவ்யூவர்’ என்று மாற்றும்போதுதான். அந்த நிமிஷமே உங்கள் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வரை முழு ஆபீஸும் படிக்கலாம். அவுட்லுக்கில் காலெண்டரை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்டீஸில் பெர்மிஷன்ஸ் பக்கத்தைத் திறந்து அந்த வரியைப் பாருங்கள். மாறியிருந்தால் பழையபடி வைத்துவிட்டு, வேண்டியவர் பெயரைத் தனியாகச் சேர்த்து அவருக்கு மட்டும் ரிவ்யூவர் கொடுங்கள்.