பக் நாயின் மூச்சுத்திணறலுக்கு விற்றவர் பொறுப்பாவாரா?

கேள்வி: மார்த்தாண்டத்தில் வசிக்கிறோம். பத்து மாதங்களுக்கு முன் திருவனந்தபுரத்தில் ஒருவரிடம் 18,000 ரூபாய்க்குப் பக் குட்டி வாங்கினோம். "நூறு சதவீதம் ஆரோக்கியம், கேரண்டி, குறட்டை விடும், அது இந்த இனத்துக்கு அழகு" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். இப்போது நாலு படி ஏறினாலே அதன் நாக்கு நீலம் பாய்கிறது. மூக்குத்துளை குறுகலாகவும் மேலண்ணம் நீளமாகவும் இருப்பதால் அறுவை சிகிச்சை வேண்டும் என்கிறார் மருத்துவர். இதுவரை 31,000 ரூபாய் செலவாகிவிட்டது. விற்றவர் பில் தரவில்லை. நாயைத் திருப்பிக் கொடுத்தால் வேறு குட்டி தருவதாகச் சொல்கிறார். வழக்குத் தொடரலாமா?

பதில்: தொடரலாம். ஆனால் நாக்கு நீலம் பாய்வது ஆக்சிஜன் போதாமையின் அறிகுறி. வழக்கிற்காகச் சிகிச்சையை ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிக்கும் பிராணிக்கு மூச்சுவழியே குறுகியிருந்தால், நம் மாவட்டத்துப் புழுக்கம் உயிருக்கே ஆபத்தாகும். திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரியில் இரண்டாவது கருத்தும் பெறுங்கள்.

உயிருள்ள நாயைப் "பொருள்" என்று எழுத எனக்கு மனம் கூசுகிறது. ஆயினும் சட்டத்தின் பார்வையில் அது அசையும் சொத்து என்பதால்தான் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் துணை வருகிறது. "பக் என்றாலே இப்படித்தான்" என்பதே எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும். அதில் பாதி உண்மை. சப்பை முகம் இனத்தின் இயல்பு, அதற்கு இழப்பீடு கிடையாது. அறுவை சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு அடைபட்ட மூச்சுவழியோடு பிறந்த குட்டியை ஆரோக்கியமானது என்று உறுதிகூறி விற்றதுதான் உங்கள் வழக்கு. ஆகவே குறைபாடு பிறவியிலேயே உள்ளது என்பதையும் அதன் தீவிரத்தையும் மருத்துவர் சான்றிதழில் எழுதித் தர வேண்டும். தீனி போட்டுக் கொழுக்கவைத்ததால் வந்த திணறல் என்று விற்றவர் வாதிடவும் இடமுண்டு. உடல் எடை கூடினால் இந்நோய் மோசமாவது உண்மை என்பதால், ஒவ்வொரு முறையும் எடையைப் பதிவுசெய்யச் சொல்லுங்கள்.

பில் தராததே சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. பணம் செலுத்திய வங்கிப் பதிவு போதும். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல், மின்னணுப் பதிவுகளுக்கான, 2023ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழோடு தாக்கல் செய்யுங்கள். நாய் இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும், எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017ஆம் ஆண்டு விதிகள் கூறுவதால், அவருடைய பதிவு எண்ணையும் குட்டி பிறந்த தேதியையும் வக்கீல் நோட்டீசிலேயே கேளுங்கள்.

இதற்காக நீங்கள் களியக்காவிளையைத் தாண்ட வேண்டியதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நாகர்கோவிலிலுள்ள நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்தைத் தாண்டாததால் கட்டணம் இல்லை. காலவரம்பு இரண்டு ஆண்டுகள்.

மாற்றுக் குட்டியை ஏற்கும் கட்டாயம் உங்களுக்கு இல்லை. திருப்பிக் கொடுத்தால் அந்த நாயை அவர் இன்னொரு வீட்டில் விற்கலாம், குட்டி ஈனவும் விடலாம். அதை உங்களிடமே வைத்துக்கொண்டு இழப்பீடு கேளுங்கள். சிகிச்சைச் செலவு முழுவதும் கிடைக்கும் என்று நான் உறுதி கூற மாட்டேன். ரசீது உள்ள தொகைக்கே வலுவுண்டு.

அறுவை சிகிச்சைக்கு முன், அது உறங்கும்போது மூச்சுக்குத் தவிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள். அதற்காகப் படியேற வைத்துவிடாதீர்கள்.