வரையாட்டுக்கு மரம் வேண்டாம்

அன்புள்ள ஐயா,

உடுமலைப்பேட்டையில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பும் என்னிடம்தான். அக்டோபர் 7 வரையாடு நாள். அன்றைக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று எங்கள் பிள்ளைகள் துடிக்கிறார்கள். ஆனைமலைக்குப் போனபோது உச்சிச் சரிவுகள் மரமே இல்லாமல் மொட்டையாகக் கிடப்பதைப் பார்த்தோம். அந்த ஆடுகள் ஒதுங்க ஒரு நிழல்கூட இல்லை. அனுமதி வாங்கி அங்கே இரண்டாயிரம் கன்றுகள் நடலாம் என்றிருக்கிறோம். வேம்பு, புங்கன், நாவல் தயாராக உள்ளன. வரையாட்டுக்கு வேறு எந்த மரம் உகந்தது? தொடங்கி வைக்க நீங்கள் வர முடியுமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள பேராசிரியருக்கு,

எந்த மரமும் வேண்டாம். அந்தச் சரிவில் ஒரு கன்றுகூட நடாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் பிள்ளைகளின் ஆசை எனக்குத் தெரியும். கல்லூரி நாட்களில் எனக்கும் அதே ஆசை இருந்தது. ஒரு குழுவோடு மலைக்குப் போய், புல்சரிவு ஒன்றில் நாள் முழுக்கக் குழி தோண்டி சீகை (வாட்டில்) என்ற அந்நிய மரத்தின் கன்றுகள் நட்டோம். பெரிய நன்மை செய்துவிட்ட நிறைவோடு இறங்கினோம். பல வருடம் கழித்து அதே இடத்துக்குப் போனேன். சீகை மண்டி, உள்ளே நுழையவே வழியில்லை. கீழே குனிந்து பார்த்தால் ஒரு புல் இல்லை. அன்றைக்கு வந்த துக்கம் இன்னும் போகவில்லை. அதனால்தான் உங்களுக்குத் தனியாக எழுதாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நீங்கள் மொட்டை என்று நினைத்த அந்தச் சரிவு யாரும் வெட்டி அழித்த காடு இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரங்களில் மடிப்புகளிலும் ஓடைப் பள்ளங்களிலும் சோலை என்னும் அடர்ந்த குட்டைக் காடு இருக்கும், திறந்த சரிவுகளில் புல் இருக்கும். குளிர்காலத்தில் இறங்கும் உறைபனி, திறந்த வெளியில் முளைக்கும் சோலைக் கன்றுகளைக் கருக்கிவிடுகிறது. புல் தாங்கிக்கொள்கிறது. நீலகிரியின் பழைய சதுப்பு மண்ணை எடுத்து ஆராய்ந்தவர்கள், இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல்வெளி இருந்ததைக் கண்டிருக்கிறார்கள். குறிஞ்சி பூப்பதும் இந்தப் புல்வெளியில்தான்.

நீங்கள் தமிழ் நடத்துகிறவர். சங்கப் பாட்டில் வரும் வருடை இந்த ஆடுதான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது எப்படிப் பிழைக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். மேய்வது புல்வெளியில், உயிர் தப்புவது பாறையில். மந்தை மேயும்போது எப்போதும் ஒன்றிரண்டு தலை நிமிர்ந்து நிற்கும். சிறுத்தையோ செந்நாயோ தூரத்தில் தெரிந்தால் போதும், ஒரு சீழ்க்கைச் சத்தம். அடுத்த கணம் மொத்த மந்தையும் செங்குத்துப் பாறையில் நிற்கும். ஒரு வாரமே ஆன குட்டிகூட அந்த விளிம்பில் அம்மாவின் பின்னால் ஓடும். தூரத்தில் வருவது தெரிய வேண்டும், பாறைவரை தடையில்லாமல் ஓட வேண்டும், இவை இரண்டும்தான் அதன் பாதுகாப்பு. நாம் நடும் மரம் இரண்டையும் கெடுக்கிறது. சிறுத்தைக்கு மறைவு கிடைக்கிறது, ஆட்டுக்குப் புல் போய்விடுகிறது. நிழலுக்குப் பாறை இடுக்குகள் இருக்கின்றன, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

இதில் இன்னொரு சங்கடம். உங்கள் வேம்பும் புங்கனும் அங்கே முதல் பனிக்கே கருகிவிடும். தாக்குப்பிடித்து வளர்பவைதான் ஆபத்து. கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் அப்படி வந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தார்கள். விடுதலைக்குப் பிறகு நாமே தோல் பதனிடும் பட்டைக்கும் ரேயான் கூழுக்கும் மலை மலையாக நட்டோம். வருவாய்க் கணக்கில் புல்வெளி என்றாலே தரிசு, தரிசு என்றால் எதையாவது நட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அன்றைய யோசனை. பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு 2018இல் சொன்னது. போனதெல்லாம் மரத்தோட்டமாகவும் விளைநிலமாகவும் ஆனது.

2024இல் தமிழ்நாட்டில் எண்ணியபோது 1,031 வரையாடுகள். 2025இல் 1,303. கூடியிருப்பது மகிழ்ச்சிதான். ஆனால் உலகத்தில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மட்டுமே இருக்கும் விலங்கு இது. இரண்டு மாநிலத்தையும் சேர்த்தால்கூட மூவாயிரத்தைத் தொடவில்லை. அதுவும் ஒரே கூட்டமாக இல்லை. நீலகிரியின் முக்கூர்த்தியில் கொஞ்சம், கேரளத்தின் இரவிகுளத்தில் நிறைய, ஆனைமலைப் புல்மலைகளில் கொஞ்சம் என்று தனித்தனித் தீவுகளாக நிற்கின்றன. நடுவில் தேயிலை, சாலை, அப்புறம் நாம் நட்ட மரங்கள். ஒரு தீவின் கிடா அடுத்த தீவுக்குப் போக வழி இல்லாவிட்டால் உறவுக்குள்ளேயே இனம் பெருகி நோஞ்சானாகும். மேலே ஒரு புல்சரிவை மரத்தால் அடைப்பது ஒரு வழியை அடைப்பது போலத்தான்.

தண்ணீர் கணக்கும் உங்கள் ஊருக்கு நெருக்கமானது. உடுமலை வயலுக்கு வரும் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) கால்வாய்த் தண்ணீர் ஆனைமலைத் தலையில் பெய்த மழை. புல்வேர் அதைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல ஓடைக்கு விடுகிறது. நீலகிரியில் கற்பூர மரம் நட்ட நீர்ப்பிடிப்பையும் புல்லாகவே விட்ட நீர்ப்பிடிப்பையும் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தார்கள். மரம் நட்ட பக்கம் ஓடை நீர் குறைந்தது.

சரி, பிள்ளைகளை என்ன செய்யச் சொல்வது? நடுவதற்குப் பதில் பிடுங்கச் சொல்லுங்கள். அனுமதி கேட்கத்தான் போகிறீர்கள். அதை, புல்வெளி ஓரத்தில் புதிதாக முளைக்கும் சீகைக் கன்றுகளை வேரோடு எடுப்பதற்குக் கேளுங்கள். பரவி மண்டும் அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென்றே தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு கொள்கை வகுத்திருக்கிறது. கேட்டால் காது கொடுப்பார்கள் என்று நம்புகிறேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும், தீ பட்டால் மொத்தமாக முளைத்து வரும். ஒரு நாள் போய்ப் படம் எடுத்துத் திரும்பும் வேலை இல்லை இது. வருடா வருடம் அதே சரிவுக்குப் போக வேண்டும். பெரிய சீகைத் தோப்புகளில் கை வைக்க வேண்டாம். கொடைக்கானல் பக்கம் பழைய தோப்புகளின் அடியில் சோலைக் கன்றுகள் தானாக எழுந்து வருகின்றன. எதை வெட்டுவது, எதை விடுவது என்பதில் அறிந்தவர்களுக்குள்ளேயே விவாதம் இருக்கிறது. புல்லுக்குள் நுழையும் ஓரத்தைக் காப்பதில்தான் யாருக்கும் சந்தேகம் இல்லை.

இரண்டாயிரம் கன்றுகளும் வீணாக வேண்டாம். வேம்பும் புங்கனும் நாவலும் உங்கள் ஊர் ஏரிக்கரைக்கும் வரப்புக்கும் பள்ளி வளாகத்துக்கும் பிறந்தவை. அங்கே நடுங்கள், தண்ணீர் ஊற்ற ஆளும் பக்கத்திலேயே இருப்பார்கள்.

அக்டோபர் 7 வருகிறேன். மேடை வேண்டாம். பிள்ளைகளை வால்பாறைச் சாலையில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுக்குக் காலையிலேயே அழைத்து வாருங்கள். சிப்ஸ் பொட்டலம் எதுவும் கையில் இருக்கக் கூடாது. அங்கே வண்டிகளை நிறுத்தித் தின்பண்டம் நீட்டி அந்த ஆடுகளின் பயத்தையே போக்கிவிட்டார்கள். நாம் சாலையோரம் சத்தமில்லாமல் உட்கார்ந்து, மந்தை பாறையிலிருந்து புல்லுக்கு இறங்குவதைப் பார்ப்போம்.