ஈரோட்டுச் சந்தையும் பேரமும் – கடிதம்

வணக்கம்.

ஈரோட்டு ஜவுளிச் சந்தையான கனி மார்க்கெட் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, போன செவ்வாய்க்கிழமை நானும் என் நாத்தனாரும் திருச்சியிலிருந்து காலை ரயிலில் ஈரோடு போய்வந்தோம். நைட்டி, இன்ஸ்கர்ட், துண்டு, மாமனாருக்கு வேட்டி, பெட்ஷீட் என்று பை கொள்ளாமல் வாங்கினோம். சாயங்காலம் தள்ளுவண்டியில் தட்டுவடை செட் சாப்பிட்டோம். ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்துக்கொண்டே சுற்றிய நாள்.

வீட்டில் வந்து விலையைப் பெருமையாகச் சொன்னபோது, கல்லூரியில் படிக்கும் மகன், "மாலில் வாயைத் திறக்காமல் பணம் கட்டுவீங்க, சந்தையில் ஏழை வியாபாரிகிட்ட பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுவீங்க" என்றான். சுருக்கென்றது. பேரம் பேசுவது தப்பா? ஒரு கடையில் நாலு துண்டு கேட்டதற்கு எங்களை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை, அது ஏன்? அடுத்த முறை என்ன சாப்பிடலாம் என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ச., திருச்சி

அன்புள்ள ச.,

உங்கள் மகன் சொன்னது வாட்ஸப்பில் வருஷக்கணக்காகச் சுற்றுகிற வாசகம். பாதி சரி. ஆனால் கனி மார்க்கெட்டில் உட்கார்ந்திருப்பவரை "ஏழை வியாபாரி" என்று சொன்னால் அவரே சிரித்துவிடுவார்.

அந்தச் சந்தை உங்களுக்காகவோ எனக்காகவோ கூடுவதில்லை. திங்கள் சாயங்காலம் தொடங்கி விடிய விடிய நடப்பதுதான் அசல் வியாபாரம். கேரளா, கர்நாடகா, ஆந்திராவிலிருந்து வந்த கடைக்காரர்கள் கட்டுக் கட்டாகப் பிரித்துப் பார்த்து, ரேட் பேசி, பண்டல் போட்டு லாரி செட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தேர்தல் அறிவிப்பு வந்தால் இந்தச் சந்தை படுத்துவிடும். கணக்கில்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் கையில் கொண்டுபோனால் பறக்கும் படை பிடித்துக்கொள்ளும் என்பதால் வெளிமாநிலத்துக்காரர்கள் வருவதில்லை. எப்பேர்ப்பட்ட பணம் புரளும் இடம் என்று இதிலேயே தெரியும். நாம் செவ்வாய்க்கிழமை போய் நிற்கும்போது கடைக்காரர் ராத்திரி முழுக்கத் தூங்காமல் மீதிச் சரக்கைத் தள்ளிக்கொண்டிருப்பார். நாலு துண்டு கேட்டவர்களை அவர் பார்க்காமல் போனதில் அவமதிப்பு ஒன்றுமில்லை. பக்கத்தில் நின்ற ஆள் நானூறு துண்டு கேட்டிருப்பார்.

இங்கே விலையைக் குறைப்பது நம் பேச்சு சாமர்த்தியம் அல்ல, எண்ணிக்கை. ஒரு பீஸுக்கு ஒரு ரேட், ஒரு டஜனுக்கு ஒரு ரேட், கட்டோடு எடுத்தால் வேறு ரேட். அதனால் "குறைச்சுக் கொடுங்க" என்பதைவிட "ஒரு டஜன் எடுத்தா என்ன ரேட்?" என்று கேட்பது பலன் தரும். நாத்தனாரோடு போனது அந்த வகையில் நல்ல காரியம். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து எடுத்துப் பிரித்துக்கொள்ளலாம். கடைக்காரருக்குத் தன் அடக்க விலை பைசா சுத்தமாகத் தெரியும். பலர் சொந்தமாகத் தறி ஓட்டுகிறவர்கள், அல்லது வீட்டிலேயே மெஷின் போட்டு நைட்டி தைக்கிறவர்கள். "கட்டாதுங்கக்கா" என்று சொல்லிவிட்டுத் துணியை மடிக்க ஆரம்பித்தால் விஷயம் முடிந்தது. பேச்சை வளர்க்காமல் இருப்பதுதான் மரியாதை. முடியும் என்றால் அவரே கூப்பிடுவார். நஷ்டத்துக்கு நமக்கு யாரும் விற்கப்போவதில்லை. மனம் உறுத்தாமல் பேசுங்கள்.

பேசக் கூடாத இடம் என்று நான் வைத்திருப்பது வேறு. பிளாட்பாரத்தில் சாக்கை விரித்து நாலு கட்டு கீரை வைத்திருக்கும் பாட்டி. கம்மங்கூழ் ஊற்றும் அம்மா. அப்புறம், பவானி ஜமக்காளம்.

அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஈரோட்டிலிருந்து பவானி பதினைந்து கிலோமீட்டர்தான். அங்கே கைத்தறியில் நெய்யும் ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜமக்காளம் கைத்தறிக்கு ஒதுக்கப்பட்ட ரகமும்கூட. ஆனாலும் விசைத்தறியில் ஓட்டியதைப் பவானி ஜமக்காளம் என்று சொல்லி விற்கிறார்கள், நெசவாளர்கள் பல வருஷமாகப் புலம்பிக்கொண்டிருக்கிறார்கள். நாம் பேரம் பேசி விலையைக் குறைக்கக் குறைக்க, நெசவாளர் அந்த மலிவான போலியோடுதான் போட்டி போட வேண்டியிருக்கும். கைத்தறி ஜமக்காளம் வேண்டுமென்றால் பவானிக்குப் போய்க் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிவிடுங்கள், சொன்ன விலைக்கு.

உங்கள் மகன் கோபப்பட வேண்டிய இடமும் இந்த ஊரிலேயே இருக்கிறது. அது கடை வாசல் இல்லை. நைட்டி இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதே, அந்த மலிவு எங்கிருந்து வந்தது? வீரப்பன்சத்திரத்திலும் பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் ராப்பகலாக ஓடும் விசைத்தறிகளில் நிறைய பேர் மீட்டருக்கு இவ்வளவு என்று கூலிக்கு ஓட்டுகிறவர்கள். நூல் விலை ஏறினால் தறி நிற்கும், தறி நின்றால் அந்த வாரக் கூலி கிடையாது. சாயப்பட்டறைக் கழிவு போய்ச் சேர்ந்தது காளிங்கராயன் வாய்க்காலில். 13ஆம் நூற்றாண்டில் வெட்டிய வாய்க்கால், இன்றும் அதை நம்பி மஞ்சளும் வாழையும் நெல்லும் விளைகின்றன. அதன் தண்ணீர் நிறம் மாறி ஓடிய காலத்தைப் பற்றி அந்தப் பக்கத்து விவசாயிகளிடம் கேட்டுப் பாருங்கள். நீங்கள் குறைத்த பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தால் அது தறிக்காரருக்கும் போகாது, வாய்க்காலுக்கும் போகாது. மாலில் வாயை மூடிக்கொண்டு கொடுக்கும் பணத்துக்கும் இதே கதிதான். இதை அவனிடம் சொல்லுங்கள், ஒத்துக்கொள்ள மாட்டான். கல்லூரி வயசு.

சரி, வாங்கும்போது பார்க்க வேண்டியவை. விலை ரொம்பக் குறைவாக இருந்தால் முதலில் அளவைச் சந்தேகப்படுங்கள். நாலு முழ வேட்டி இரண்டு மீட்டராவது இருக்க வேண்டும், குறைந்த ரேட் வேட்டியில் அரை சாண் காணாமல் போயிருக்கும். பெட்ஷீட்டை அட்டையில் போட்ட அளவை நம்பாமல் பிரித்துப் பிடித்துப் பார்ப்பது நல்லது. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். காட்டன் என்று சொன்னால் ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டலாம். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி உருண்டையாகிவிடும். நனைத்த வெள்ளைக் கர்ச்சீப்பால் துணியை அழுத்தித் தேய்த்தால் சாயம் போகுமா என்று அங்கேயே தெரிந்துவிடும். சிவப்பிலும் கருநீலத்திலும் இதைச் செய்யாமல் வாங்கவே வாங்காதீர்கள். செகண்ட்ஸ் என்று சொல்லியே விற்கும் துண்டுகள் தாராளமாக எடுக்கலாம், ஒரு இழை அறுந்திருக்கும், அவ்வளவுதான். சொல்லாமல் கலந்து கொடுப்பதுதான் வம்பு. முழுக் கட்டையும் அவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்.

இனி சாப்பாடு. உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியில் தட்டுவடை செட்டை முடித்துவிட்டீர்கள், எனக்கு வருத்தம்! அது சேலத்துச் சரக்கு என்று சேலத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், நியாயம்தான். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட், கேரட், வெங்காயத் துருவல், காரச் சட்னி, புதினா கொத்தமல்லிச் சட்னி. அதைக் கையில் வாங்கிய உடனே வாயில் போட வேண்டும். பேசிக்கொண்டே நின்றால் நமத்துவிடும். அதே வண்டியில் பொரியையும் நொறுக்கிய முறுக்கையும் துருவலையும் சட்னியில் கலந்து 'கரம்' என்று கொடுப்பார்கள். அடுத்த முறை அதைக் கேளுங்கள்.

அசைவம் உண்டென்றால் மதியம் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் பள்ளிபாளையம் போய்விடுங்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் நாமக்கல் மாவட்டம். பள்ளிபாளையம் சிக்கன் இப்போது சென்னை வரைக்கும் மெனுவில் இருக்கிறது, ஆனால் பல இடங்களில் கரம் மசாலாவும் தக்காளியும் போட்டுக் குழம்பாக்கிவிடுகிறார்கள். அந்த ஊர்ப் பக்குவத்தில் சாமான் ரொம்பக் கம்மி. சின்ன வெங்காயம், விதை தட்டிய வரமிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள், கோழி, கடைசியில் பல்லுப் பல்லாக நறுக்கிய தேங்காய். மசாலாத் தூள் கிடையாது. கோழி தன் சாற்றிலேயே வெந்து சுருண்டு வரும். சிவப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், விதையை எடுத்துவிடுவதால் பார்வைக்கு இருக்கிற காரம் நாக்கில் இருக்காது.

சைவம் என்றால் சந்தகை எங்கே கிடைக்கும் என்று விசாரியுங்கள். பச்சரிசி மாவோ புழுங்கலரிசி மாவோ அவித்து, சூட்டோடு அச்சில் பிழிந்து, தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊற்றித் தருவார்கள். இடியாப்பம்தானே என்று கொங்குக்காரர்களிடம் சொல்லிவிடாதீர்கள். அரிசியும்பருப்புஞ்சாதம் ஓட்டலில் சாப்பிடுகிற பண்டமே இல்லை என்பது என் கட்சி. யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் மறுக்காமல் போங்கள்.

ரயிலுக்கு முன்னால் நேரம் இருந்தால் மஞ்சளும் நாட்டுச் சர்க்கரையும் வாங்கிக்கொள்ளலாம். ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தூளாக வாங்காமல் விரலி மஞ்சளாக வாங்கி ஊரில் அரைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை கவுந்தப்பாடிச் சரக்கா என்று கேளுங்கள், பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போவது அதுதான். பளிச்சென்று மஞ்சளாக இருப்பதை விட்டுவிட்டுக் கொஞ்சம் பழுப்பாக இருப்பதை எடுங்கள்.

தீபாவளிக்கு எடுப்பதாக இருந்தால் கடைசி வாரம் வேண்டாம், ஒரு மாதம் முன்னாலேயே போய்விடுங்கள். ரகம் நிறைய இருக்கும், கடைக்காரருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்கும். மகனையும் கூட்டிப் போங்கள், பண்டல் தூக்க ஆள் வேண்டும்.